சீலியாக் நோயுள்ள குழந்தையும் ‘கொஞ்சம்தானே’ என்னும் சொல்லும்

குழந்தைக்குச் சீலியாக் நோய் என்பது உறுதியானவுடன் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, “எத்தனை நாளைக்கு மருந்து கொடுக்க வேண்டும்?” என்பதே. இந்நோய்க்கு மாத்திரையோ ஊசியோ இல்லை. உணவு மாற்றம் ஒன்றே மருத்துவம். அதுவும் வாழ்நாள் முழுமைக்கும் என்று அறிந்ததும் அவர்கள் சற்றுத் திகைத்துப்போவது இயல்பு. அடுத்த கேள்வி அந்தத் திகைப்பிலிருந்து மீளும் முயற்சியாக வரும்: “நாங்கள் சோறு சாப்பிடுகிறவர்கள்தானே, சப்பாத்தியை நிறுத்திவிட்டால் போதாதா?”

போதாது. ஆயினும் அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. நெல்லும் சிறுதானியமும் பயறும் நம் உணவின் அடித்தளம். ஆகவே, சீலியாக் நோயுள்ள குழந்தைக்கு என்ன சமைப்பது என்பது தமிழ்நாட்டுக் குடும்பத்திற்குப் பெரிய சிக்கல் அன்று. சிக்கல், நாம் கோதுமை என்றே கருதாத சிறு பொருள்களிலும், அன்பினால் ஊட்டப்படும் ஒரு வாயிலும் இருக்கிறது. ‘கொஞ்சம்தானே’ என்று சொல்லிக் கொடுக்கப்படும் அந்தக் கொஞ்சத்தைப் பற்றியே இக்கட்டுரை பெரிதும் பேசுகிறது.

குடலுக்குள் நிகழ்வது என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள ஒரு வகைப் புரதத் தொகுதிக்குக் குளூட்டன் என்று பெயர். தமிழில் இதனைப் பசையம் என்றும் எழுதுவர். பரோட்டா மாவை வீசி இழுக்கும்போது அது அறுந்துபோகாமல் துணிபோல் விரிவதற்குக் காரணம் இந்தப் பசையமே. அரிசி மாவை அவ்வாறு வீச முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

நம் சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய விரல் போன்ற அமைப்புகள் கம்பளத்தின் இழைகளைப் போல அடர்ந்து நிற்கின்றன. உண்ட உணவிலிருந்து சத்தை உறிஞ்சுபவை இவையே. சீலியாக் நோய் உள்ளவர் குளூட்டனை உண்ணும்போது அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் தன் குடலையே தாக்குகிறது. உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பின் எவ்வளவு ஊட்டினாலும் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கால்சியமும் உடலில் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பல், மெலிந்த கைகால்கள் ஆகியவை பலரும் அறிந்த அறிகுறிகள். ஆனால் சில குழந்தைகளுக்கு வயிற்றுத் தொல்லையே இராது. எந்த டானிக்குக்கும் சரியாகாத இரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமின்மை, அடிக்கடி வரும் வாய்ப்புண், மலச்சிக்கல் என்று நோய் வேறு உருவில் வரும். பூச்சி மருந்து கொடுத்தும், ‘சரியாகச் சாப்பிடாத பிள்ளை’ என்று கடிந்தும் ஆண்டுகள் கழிந்துவிடுவது உண்டு.

இது உணவு ஒவ்வாமை அன்று. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு உண்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறக்கூடும். இங்கே அவ்வாறு நிகழ்வதில்லை. கேடு மெதுவாக, பல நேரங்களில் வெளியே தெரியாமலே நடக்கிறது. ‘நேற்று பிஸ்கட் தின்றான், ஒன்றும் ஆகவில்லையே’ என்ற எண்ணம் பிறப்பது இதனால்தான். வயிறு வலிக்கவில்லை என்பது குடல் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

வட இந்தியாவோடு ஒப்பிடத் தென்னிந்தியாவில் இந்நோய் மிகக் குறைவாகவே காணப்படுகிறது. நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் இங்கும் உள்ளன. ஆனால் அங்கே ஒருவர் நாள்தோறும் உண்ணும் கோதுமையின் அளவு இங்குள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு. நோய் அரிதாக இருப்பதன் விளைவை நோயாளியின் குடும்பமே சுமக்க வேண்டியிருக்கிறது. உறவினரில் எவரும் இதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விழாவிலும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

உணவுக்கும் நோய்க்கும் உள்ள இத்தொடர்பைக் கண்டறிந்து நிறுவியவர் வில்லெம் கரெல் டிக்கே என்ற நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் நிலவியது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினி கிடந்த அக்காலத்தில் சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் வந்ததும் நலிந்தனர். கோதுமையே காரணம் என்று அவர் முன்பே கொண்டிருந்த ஐயம் இதனால் வலுப்பெற்றது. 1950-இல் தம் ஆய்வேட்டில் அதனை அவர் நிறுவினார். இன்றுவரை மருத்துவம் அவர் காட்டிய அதே வழியில்தான் நிற்கிறது.

எவ்வளவு கொஞ்சம், கொஞ்சம்?

நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதங்கள் உட்கொண்டாலே குடலுறிஞ்சிகள் சிதைவது ஆய்வில் காணப்பட்டுள்ளது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் உண்டு. அதாவது அதனை நாற்பது கூறாக்கினால் ஒரு கூறு. விரல் நுனியில் ஒட்டும் துணுக்கு அவ்வளவுதான். இதனாலேயே, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளுக்கு மட்டுமே ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று முத்திரையிட இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இசைகின்றன.

இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு முறை தவறுதலாக உண்டதால் குழந்தையின் எதிர்காலம் பாழாகிவிடாது. நாள்தோறும் தொடரும் கொஞ்சமே கேடு விளைப்பது. ஆகவே நம் கவனம், எப்போதோ ஒருமுறை செல்லும் விருந்தைவிட அன்றாடச் சமையலறையின் மீதே முதலில் செல்ல வேண்டும்.

வீட்டுச் சமையலறை

கோதுமை மாவு, ரவை, மைதா, சேமியா, கோதுமை ரவை ஆகிய அனைத்தும் கோதுமையே. ரவை தனித் தானியம் என்று எண்ணுவோரும், மைதா மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுவது என்று உறுதியாக நம்புவோரும் நம்மிடையே பலர். இரண்டும் கோதுமையிலிருந்து வருபவை. கிழங்கிலிருந்து வருவது ஜவ்வரிசி. அதனைக் குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாமல் நம் வீடுகளில் ஒளிந்திருப்பது பெருங்காயம். தூய பெருங்காயப் பிசினின் காரமும் மணமும் தாங்க முடியாதவை என்பதால், கடையில் விற்கப்படும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலக்கிறார்கள். பல நிறுவனங்கள் கலப்பது கோதுமை மாவு அல்லது மைதா. தூளாக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும் இதே நிலைதான். சாம்பார், ரசம், மோர், பொரியல், ஊறுகாய், இட்லிப் பொடி, வடகம், முறுக்கு என்று ஒரே நாளில் எத்தனை உணவுகளில் அந்தச் சிட்டிகை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பானைக் குழம்பில் அது பங்கிடப்பட்டு மிகச் சிறிய அளவாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் அது நாள்தோறும், மூன்று வேளையும் வருவது. அரிசி மாவு கலந்த, குளூட்டன் இல்லை என முத்திரையிட்ட பெருங்காயம் இப்போது விற்பனைக்கு வருகிறது. கிடைக்காவிட்டால் பெருங்காயம் இன்றியே தாளிக்கலாம். பூண்டும் சீரகமும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். சப்பாத்தியை நிறுத்திய பின்பும் இரத்தப் பரிசோதனை முடிவு இறங்காத குழந்தையின் வீட்டில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பெருங்காய டப்பாவைத்தான்.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த இயந்திரத்தில் அடுத்ததாக நம் அரிசியைக் கொட்டினால், முதற்படியில் விழுவது முன்னவர் வீட்டுக் கோதுமை மாவும் சேர்ந்ததே. மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, கேழ்வரகு மாவு யாவற்றுக்கும் இது பொருந்தும். அரிசிக்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது. அதில் கோதுமை போடுவதே இல்லையா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறிய அளவானால் வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலிப்பது இன்னும் நல்லது. சல்லடை புதிதாக இருக்கட்டும். கோதுமை மாவு சலித்த சல்லடையின் கண்களை எத்தனை முறை கழுவினாலும் முற்றிலும் தூய்மையாக்க இயலாது. சப்பாத்திப் பலகை, உருட்டுக்கட்டை, மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக் கல் ஆகியவையும் அவ்வாறே. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு இந்தக் கவலை இல்லை. சோப்பிட்டு நன்கு தேய்த்துக் கழுவினால் போதும்.

வீட்டிலுள்ள அனைவரும் கோதுமையை விட்டுவிட வேண்டுமா? கட்டாயம் இல்லை. எனினும் கூடுமானால் வீட்டுச் சமையலறையையேனும் குளூட்டன் அற்றதாக ஆக்கிவிடுவதே குழந்தைக்கும் சமைப்பவருக்கும் எளிது என்பது எங்கள் கருத்து. இதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் தாத்தாவின் இரவுச் சப்பாத்திதான். சர்க்கரை நோய்க்குச் சப்பாத்தியே மருந்து என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. உண்மையில் எதை உண்கிறார் என்பதோடு எவ்வளவு உண்கிறார் என்பதும் முதன்மையானது. பயறு சேர்த்த அடையோ காய்கறியுடன் கூடிய கம்புத் தோசையோ அளவாக அவருக்கு ஏற்குமா என்று அவருடைய மருத்துவரைக் கேட்டு அறியலாம். சப்பாத்தி தொடர்ந்தே ஆக வேண்டுமெனில், குழந்தையின் உணவைச் சமைத்து மூடி வைத்தபின் இறுதியாக, தனிப் பலகையிலும் தனிக் கல்லிலும் செய்ய வேண்டும். பிசையும்போது பறக்கும் மாவு அடுப்படி முழுவதும் படியும் என்பதையும் மறக்கலாகாது.

வீட்டை மாற்றுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் அறிகுறியின்றியே இருக்கக்கூடும். ஆகவே அவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை தேவை. கோதுமையை நிறுத்திவிட்ட பிறகு சோதித்தால் முடிவு பொய்யாக நலமெனக் காட்டலாம். சோதனை முடியும்வரை அவர்கள் வழக்கம்போல் உண்டு வரட்டும்.

கடைப் பொருள்கள்

பொதியின் மீதுள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கும் பழக்கம் வேண்டும். பெரும்பாலும் அவை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். வீட், ஆட்டா, மைதா, செமோலினா, பார்லி, மால்ட், ரை, குளூட்டன் ஆகிய சொற்களின் ஆங்கில எழுத்து வடிவங்களை ஒரு சிறு அட்டையில் எழுதித் தருமாறு உணவியல் வல்லுநரிடம் கேளுங்கள். ஆங்கிலம் படிக்காத பாட்டியும் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட முடியும். பொருள் பட்டியலுக்குக் கீழே தடித்த எழுத்தில் வரும் ஒவ்வாமை அறிவிப்பையும் தவறாது பார்க்க வேண்டும்.

‘கோதுமை இல்லை’ என்பதும் ‘குளூட்டன் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. குழந்தைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து ஆனவை. சிலவற்றில் கோதுமையும் சேரும். ‘ராகி பிஸ்கட்’ என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அவற்றுள் பலவற்றில் ராகியைவிடக் கோதுமை மாவே மிகுதி. ராகி சேமியாவிலும் மைதா கலந்திருக்கலாம். சத்துமாவுப் பொதிகளில் சம்பா கோதுமை பெரும்பாலும் இருக்கும். அங்கன்வாடியில் தரப்படும் இணை உணவு மாவிலும் கோதுமை சேர்க்கப்படுகிறது. சோயா சாஸில் கோதுமை உண்டு. ஓட்ஸ் இயல்பில் வேறு தானியம் எனினும் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. முதல் ஓராண்டேனும் அதனைத் தவிர்ப்பது நல்லது. மருந்துகளைப் பொறுத்தவரை, புதிய மாத்திரையோ லேகியமோ வாங்கும்போது கோதுமை மாவுச்சத்து சேர்ந்துள்ளதா என்று மருந்தாளுநரிடமோ வைத்தியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

‘குளூட்டன் ஃப்ரீ’ ரொட்டியும் கேக்கும் விலை மிகுந்தவை. பலவற்றில் சர்க்கரையும் கொழுப்பும் கூடுதல், நார்ச்சத்து குறைவு. அவை இன்றியும் குழந்தை நன்றாக வளரும். பிறந்தநாளுக்கு ஒன்று வாங்குவதில் தவறில்லை.

இழப்பதும் பெறுவதும்

‘இது கூடாது, அது கூடாது’ என்று மட்டுமே கேட்கும் குழந்தைக்கு உணவின் மீதே வெறுப்புத் தோன்றும். கூடாதவற்றின் பட்டியலைச் சொல்லும் முன்பே கூடியவற்றைச் சமைத்துக் காட்டிவிடுவது நல்ல உத்தி. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, அடை, குழிப்பணியாரம், கொழுக்கட்டை, உளுந்தங்களி, கேழ்வரகுக் கூழ், தினைப் பாயசம், கம்பஞ்சோறு: பாட்டியின் அடுப்பிலிருந்து வருவன ஏறக்குறைய அனைத்தும் இக்குழந்தைக்குரியவை. வீட்டில் மிகுந்த எதிர்ப்புக் காட்டுபவர் பாட்டியாக இருந்தால், அவரிடமே இந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். ‘பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாதாம்’ என்று வருந்தியவர், ‘நான் செய்து கொடுப்பதைத்தான் அவன் சாப்பிட முடியும்’ என்ற நிலைக்கு வந்தபின் அவரைவிட உறுதியான காவலர் அவ்வீட்டில் இரார்.

குழந்தை ஏங்குவது பெரும்பாலும் நூடுல்ஸ், பிஸ்கட், பரோட்டா ஆகியவற்றுக்கே. நூடுல்ஸுக்கு மாற்றாகக் காய்கறி போட்டுத் தாளித்த இடியாப்பமோ அரிசி சேமியாவோ பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிடித்துவிடுகிறது. கேழ்வரகு மாவும் நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து வீட்டிலேயே பிஸ்கட் செய்யலாம். பரோட்டாவுக்கு மாற்று இல்லை. மாற்று என்று எதையாவது செய்து அதுதான் பரோட்டா என்று குழந்தையை நம்பவைக்க முயல்வதைவிட, ‘ஆமாம், அது இனி இல்லை, எனக்கும் வருத்தம்தான்’ என்று ஒப்புக்கொள்வது நேர்மை. குழந்தைகள் நேர்மையை உணர்ந்துகொள்கிறார்கள்.

வெள்ளை அரிசிச் சோறு மட்டுமே தட்டை நிறைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். குடல் ஆறிவரும் காலத்தில் இரும்பும் கால்சியமும் மிகுதியாகத் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கீரை, பயறு, முட்டை, மீன், வேர்க்கடலை, எள்ளுருண்டை ஆகியவை மாறி மாறி வரட்டும். சில குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் பால் ஒத்துக்கொள்ளாது. சிதைந்த குடல் பாலின் சர்க்கரையைச் செரிக்க இயலாததே காரணம். குடல் தேறியதும் இது பெரும்பாலும் நீங்கிவிடும். எனவே மருத்துவர் கூறாமல் பாலை நிறுத்த வேண்டாம்.

குழந்தையிடம் எவ்வாறு கூறுவது?

நான்கு வயதுக் குழந்தைக்குக் குடலுறிஞ்சிகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ‘உன் வயிற்றுக்குக் கோதுமை பிடிக்காது, அதனால் அதை நாம் சாப்பிடுவதில்லை’ என்பதே போதும். கோதுமையை ‘விஷம்’ என்று சொல்லி அச்சுறுத்தலாகாது. தம்பி அதே பொருளைத் தின்பதைக் காணும் குழந்தை, தம்பி இறந்துவிடுவானோ என்று அஞ்சும். ‘நோயாளிப் பிள்ளை’ என்று அதன் காதுபடப் பேசுவதும் வேண்டாம். இக்குழந்தை உணவு முறையைக் கடைப்பிடிக்கும் வரை மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடும், படிக்கும், வளரும்.

பள்ளி செல்லும் வயதில் குழந்தைக்குத் தேவைப்படுவது அறிவைவிட ஒரு சொற்றொடர். ‘எனக்கு வேண்டாம், சீலியாக் இருக்கிறது’ என்று தயங்காமல் கூற அதனை வீட்டிலேயே பழக்க வேண்டும். அப்பா பெரியப்பாவாக நடித்து மிட்டாயோடு பிஸ்கட்டும் நீட்டட்டும். குழந்தை மறுத்துப் பழகட்டும். விளையாட்டாகப் பத்து முறை சொன்ன சொல், உண்மையான பெரியப்பா முன்னால் தானாக வரும்.

வகுப்பாசிரியரை நேரில் சந்தித்து மருத்துவமனையின் கடிதத்தைக் கொடுங்கள். டிபன் பாக்ஸைப் பகிர்ந்துண்பது நட்பின் அடையாளமாக நம் பிள்ளைகள் கருதுவது. அதைத் தடுப்பது எளிதன்று. ‘மற்றவர்கள் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், நீ எடுக்கக் கூடாது’ என்ற விதி நடைமுறையில் பயன் தருகிறது. அதற்கென இரண்டு கொழுக்கட்டை கூடுதலாக வைத்தனுப்புங்கள். பிறர் பிறந்தநாளன்று கேக் வரும்போது குழந்தை வெறுங்கையோடு நிற்காதிருக்க, அதற்கேற்ற கடலைமிட்டாய்ப் பொதி ஒன்றை ஆசிரியரின் மேசையில் முன்னரே வைத்துவிடலாம். கைவேலை வகுப்பில் பயன்படும் மைதாப் பசையும் மறக்கத் தகாதது. அது தோலில் படுவதால் கேடில்லை. கையைக் கழுவாமல் வாயில் வைப்பதே கேடு.

அரசு தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தையானால் இன்னும் ஒன்று. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை ஆகியவற்றால் ஆன உப்புமாவும் கிச்சடியும் இடம்பெற்றுள்ளன. வெண்பொங்கல் நாளில்கூடப் பெருங்காயமும் ஒரே கரண்டியும் கவலைக்குரியவை. காலை உணவை வீட்டிலேயே கொடுத்தனுப்புவதே பாதுகாப்பு. ஆனால் எல்லாரும் வரிசையில் அமர்ந்து உண்ணும்போது இக்குழந்தை மட்டும் வகுப்பறையில் தனித்திருக்க நேரக் கூடாது. தன் டப்பாவோடு அதே வரிசையில் அமர இடந்தருமாறு தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சத்துணவு அமைப்பாளரிடமும் ஒருமுறை பேசிவிட்டால், அன்பின் மிகுதியால் அவர் ஒரு கரண்டி வைத்துவிடும் அபாயம் நீங்கும்.

பதின்வயதில் சிக்கல் வேறு. நண்பர்களோடு ஃப்ரைடு ரைஸ் கடை வாசலில் நிற்கும் பிள்ளைக்கு விதி தெரியாமல் இல்லை. தான் மட்டும் வேறுபட்டுத் தெரிவதே தாங்க முடியாதது. சோயா சாஸும், கோபி மஞ்சூரியன் பொரித்த அதே எண்ணெயும் அங்கே உண்டு என்று சொற்பொழிவாற்றுவதில் பயனில்லை. எந்தக் கடையில் எதை உண்ணலாம் என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து முன்கூட்டியே கண்டறிந்து வைப்பதே உதவும். ஆவியில் வெந்த இட்லி, தோசையைவிடப் பாதுகாப்பானது. தோசைக்கல்லில் ரவா தோசையும் பரோட்டாவும் மாறி மாறி விழும், துடைப்பதும் ஒரே துடைப்பத்தால். இளநீர், பழச்சாறு, வேகவைத்த கடலை, சுட்ட சோளம் ஆகியவற்றுக்கு அச்சமில்லை.

பந்தியும் பண்டிகையும்

தீபாவளிப் பலகாரங்களில் அதிரசம், எள்ளுருண்டை, பொரிவிளங்காய், தேங்காய்ப்பால் முறுக்கு ஆகியவை வீட்டில் அரைத்த மாவால் செய்தால் ஏற்றவை. பாதுஷா, சோமாசி, குலாப் ஜாமுன், ஜிலேபி, ரவா லட்டு, கேசரி ஆகியன விலக்க வேண்டியவை. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலிலேயே கிண்டப்படுவது. கடையில் வாங்கும் மைசூர்பாகும் லட்டும் கடலைமாவால் ஆனவை எனினும் அவை செய்யப்படும் இடம் ஐயத்திற்குரியது.

திருமணப் பந்தியில் குழந்தையைப் பசியோடு அமர்த்தாதீர்கள். வீட்டிலேயே உணவூட்டி அழைத்துச் செல்லுங்கள். இலையில் வெறுஞ்சோறும் நெய்யும் தயிரும் வாழைப்பழமும் போதும். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் பெரும்பாலும் ஏற்றது. புளியோதரையில் பெருங்காயம் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பத்தினர் நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது என்பதை முதல் நற்கருணைக்கு முன்பே பங்குத் தந்தையிடம் எடுத்துரைக்க வேண்டும். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தையோ திராட்சை இரசத்தை மட்டுமோ பெறத் திருச்சபை இடமளிக்கிறது.

உறவினர் ஊட்டிவிடும்போது சினந்து தட்டிவிடுவது குழந்தையை எல்லார் முன்னும் கூச வைக்கும். ‘மருத்துவர் சொல்லியிருக்கிறார்’ என்று எங்கள் மீது பழியைப் போட்டுவிடுங்கள். அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

தவறி உண்டுவிட்டால்

திட்டாதீர்கள். திட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை உண்பதை நிறுத்தாது, சொல்வதை நிறுத்திவிடும். வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். இதற்கென முறிவு மருந்தும் இல்லை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவை இருந்தால் உடனே அழைத்து வாருங்கள். மற்றபடி, எதை எங்கே உண்டது என்று குறித்து வைத்துக்கொண்டு மறுவேளையிலிருந்து வழக்கம்போல் தொடருங்கள்.

உணவு மாற்றம் தொடங்கிய சில வாரங்களிலேயே குழந்தையின் முகத்தில் தெளிவும் நல்ல பசியும் தோன்றுவதைப் பெரும்பாலான தாய்மார்கள் காண்கிறார்கள். எடை சில மாதங்களில் கூடும். உயரம் அதற்குப் பின்னரே பிடிக்கும். இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளின் அளவு மெதுவாகவே இறங்கும். இயல்பு நிலையை அடைய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே முதற்பரிசோதனையில் முற்றிலும் இறங்கவில்லை என்பதற்காக மனந்தளர வேண்டியதில்லை. இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதையே மருத்துவர் பார்ப்பார்.

மறுபரிசோதனைக்கு வரும்போது வீட்டில் பயன்படுத்தும் பெருங்காய டப்பாவையும், ஐயமுள்ள பொருள்களின் உறைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். குழந்தை ஆறு வயதைக் கடந்திருந்தால், கடந்த மாதம் எது கடினமாக இருந்தது என்று மருத்துவர் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொள்ளாமல் அதனையே விடை கூற விடுங்கள்.